ஜக்கை நம்பி உயிரை வைக்காதீர்

ஓர்ஸ் ஹில்லிலிருந்து மூதூர்ப் பக்கம் போகும் நாட்களில் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. வளவில் உழவு இயந்திரப் பெட்டி ஒரு பக்கம் உயர்ந்து நிற்கும். கீழே ஒரு ஜக், அருகில் இரண்டு புளொக் கல். அச்சின் அடியில் ஒருவருடைய கால்கள் மட்டும் வெளியே தெரியும். "கவனம் தம்பி" என்றால், "அஞ்சு நிமிச வேலைதான் பாதர்" என்று பதில் வரும். அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு குடும்பம் தன் உழைப்பாளியை இழந்துவிடலாம்.

2006இல் மூதூர் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து, கிளிவெட்டி முகாமில் ஆண்டுக்கணக்காக இருந்து, 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே சம்பூர்க் காணிக்குத் திரும்பியோர் நம்மிடையே உள்ளனர். மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கியவர்களின் கையில் இருப்பது பெரும்பாலும் பழைய இயந்திரமே. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் நீடித்ததால் பழைய வண்டிகளுக்கு மேலும் வயது ஏறிற்று. கராஜுக்குக் கொடுக்கக் காசில்லை, வீட்டிலேயே திருத்துகிறோம். அதில் தவறில்லை. ஜக்கை மட்டும் நம்பிக் கீழே படுப்பதே தவறு.

ஜக் தூக்குவதற்கு உரியது, தாங்குவதற்கு அன்று. உள்ளே சீல் தேய்ந்தால் ஒயில் கசிந்து இறங்கிவிடும். புளொக் கல்லோ முன்னறிவிப்பின்றி ஒரே நொடியில் நொறுங்கும். நல்ல மரம் அப்படியல்ல. அளவுக்கு மிஞ்சிய பாரம் ஏறினால் முதலில் முனகும், நசுங்கும்; விலகிக்கொள்ள அவகாசம் தரும்.

ஆகவே கட்டை அடுக்குச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். இடிந்த வீட்டின் வளை, தீராந்தி போதும். கறையான் அரித்ததும் வெடித்ததும் வேண்டாம். உருண்டைக் குற்றியும் ஆகாது. 4 அங்குலச் சதுரமும் 20 அங்குல நீளமுமாக அறுத்த கட்டைகளை இரண்டிரண்டாக, ஒரு வரிசை நெடுக்கும் அடுத்தது குறுக்குமாக அடுக்க வேண்டும். குறுக்கே கிடக்கும் கட்டைக்கு வெளியே நுனி 4 அங்குலம் நீண்டிருக்கட்டும். உயரம் கட்டையின் நீளத்தை மிஞ்சாதிருப்பது நல்லது. ஐந்து வரிசைக்குப் பத்துக் கட்டை. இரு பக்கத்துக்கும் இருபது. மொத்தம் ஏறத்தாழ 34 அடி மரம்.

மேடு பள்ளமில்லாத இறுகிய நிலத்தில் வேலை செய்யுங்கள். மணலிலும் வயல் மண்ணிலும் அடியில் தடித்த பலகை போடுங்கள். நிலத்தில் நிற்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் அணை கொடுங்கள். சிறிது சிறிதாகத் தூக்கி, அச்சின் அல்லது சசியின் கீழ் வரிசை வரிசையாக அடுக்குங்கள். பாரத்தைக் கட்டையில் இறக்கிய பின் வண்டியை ஒருமுறை தள்ளிப் பாருங்கள். அசைந்தால் கீழே போகாதீர்கள்.

உழவு இயந்திரம் வழங்கும் நிறுவனங்கள் திறப்போடு இந்த இருபது கட்டைகளையும் வழங்க வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை ஒவ்வொரு கமக்காரர் சங்கமும் பொதுவாக ஒரு சோடி அடுக்கு வைத்திருக்கலாம். இரவல் கேட்க எவரும் வெட்கப்பட வேண்டாம்.

புது வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பாவிட்டால், விழுந்து இறப்பவனின் இரத்தப்பழி அந்த வீட்டைச் சேரும் என்கிறது இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரம். பாதுகாப்பு என்பது பயந்தவன் வேலையல்ல, விசுவாசியின் கடமை. பங்கருக்கு மேல் பனங்குற்றி அடுக்கி உயிர் காத்த மக்கள் நாம். அன்று குண்டுக்கு அஞ்சி எடுத்த கவனத்தை இன்று நம் தலைக்கு மேல் நிற்கும் இரும்புக்கும் எடுப்போம்.