வேலை செய்தால் போய்விடுமா பதற்றம்?

"எங்கள் காலத்தில் பதற்றத்துக்கு யார் டாக்டரிடம் போனார்கள்? நாலு வேலையை இழுத்துப் போட்டுச் செய்தால் தானாகப் போய்விடும்" என்கிறார் நண்பர். நான் ஏற்கவில்லை. அவர் காலத்திலும் போனார்கள். படபடப்பு, நெஞ்சடைப்பு, வயிற்றுப் புரட்டல் என்று சொல்லிப் போனார்கள். ஈசிஜியில் ஒன்றுமில்லை என்றதும் மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு அதே படபடப்போடு வாழ்ந்தார்கள்.

தேர்வுக்கு முந்தைய இரவு வரும் பயம் நோயல்ல. தேர்வு முடிந்ததும் இறங்கிவிடும். பெரும்பாலான நாட்களில், ஆறு மாதமாக, கட்டுக்கடங்காத கவலை தூக்கத்தையும் கவனத்தையும் தின்றுகொண்டிருந்தால் அது பொதுப் பதற்றக் கோளாறாக இருக்கலாம். அதற்காக ஆறு மாதம் காத்திருக்கவும் வேண்டாம். பஸ் ஏறப் பயந்து வேலைக்கு லீவு போடுகிறவர் நாளைக்கே டாக்டரிடம் போகலாம். (டாக்டர் தைராய்டு பரிசோதனையும் எழுதித் தரக்கூடும்; தைராய்டு அதிகம் சுரந்தாலும் இதே படபடப்புதான்.)

"மாத்திரை பழக்கமாகிவிடும்" என்பது நண்பரின் அடுத்த வாதம். பாதிதான் உண்மை, அதனாலேயே ஆபத்தானது. பதற்றத்துக்குத் தரும் அல்பிரசோலம் மாத்திரை பழக்கமாகும், கடையில் கேட்டு வாங்கி விழுங்கக் கூடாது. நீண்டகாலச் சிகிச்சைக்குப் பெரும்பாலும் தருவது எஸ்சிடலோபிராம் போன்ற வேறு வகை. சில வாரங்களில் மெல்லப் பலன் தரும். நிறுத்தும்போது டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். மாத்திரையே இல்லாமல், பேசித் தீர்க்கும் சிகிச்சையில் தேறியவர்களும் பலர்.

சாகத் தோன்றுகிறது என்று ஒருவர் சொன்னால் எங்கள் விவாதமே அவருக்கு வேண்டாம். டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ அழைக்கட்டும். கட்டணமில்லை, தமிழில் பேசலாம், நள்ளிரவிலும் எடுப்பார்கள்.