இரவல் திண்ணை

சென்ற மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மொன்றியலை அடுத்த புவாண்ட்-கிளேரில் சென்-ஜான் பெருவீதிக்குச் சற்று உள்ளே தள்ளியிருக்கும் வீடொன்றின் பேஸ்மென்டில், நான் பல வருஷங்களாக அங்கத்துவம் வகிக்கும் சிறியதொரு சங்கத்தின் நிர்வாக சபை கூடியது. படியடியில் பத்துப் பன்னிரண்டு சோடி சப்பாத்துகள் உருகும் பனியில் நனைந்து கிடந்தன. உள்ளே இஞ்சித் தேநீரும் கடலை வடையும் பரிமாறப்பட்டன. எடுத்துக்கொண்ட விஷயமோ அத்தனை ருசியானதன்று. எங்கள் ஆண்டு விழாவைப் பற்றிய அறிவித்தலுக்கு முகநூலில் அறுநூறுக்கு மேற்பட்ட லைக்குகள் விழுந்திருக்க, விழா நாளன்று மண்டபத்தில் வரிசையாகப் போட்டிருந்த இருநூறு நாற்காலிகளில் நாற்பதே நிரம்பியதன் காரணம் யாது என்பதே கேள்வி. அந்த நாற்பதிலும் ஏழெட்டுப் பேர் சமையற்கட்டிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்து அமர்ந்தவர்கள்.

எங்களுள் இளையவரும், கெட்டிக்காரரும், சங்கத்தின் மேல் உண்மையான அபிமானம் உடையவருமான ஒரு தம்பி, மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு காரணத்தை விளக்கினார். "ஐயா, போஸ்ட் போட்டால் மட்டும் காணாது. பூஸ்ட் பண்ண வேணும், கிழமைக்கு மூண்டு ரீல்ஸ் விட வேணும். ஸ்ட்ராட்டஜி இல்லாமல் இண்டைக்கு ஒரு சங்கமும் நிக்கேலாது" என்றார். அதற்கென ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தலாம் என்றும் யோசனை சொன்னார். மூலையில் கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு அதுவரை வாய் திறவாதிருந்த அம்மையார் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, முந்தியெண்டால் செயலாளர் போன் எடுத்துச் சொல்லுவார். இந்த முறை எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே?"

அந்தக் கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. நிகழ்ச்சிக் குறிப்பில் அது எழுதப்படவுமில்லை.

இக்காலத்தில் ஒரு ஸ்தாபனத்தின் உயிர் அதன் சமூக ஊடகப் பக்கத்திலேயே தங்கியிருக்கிறது, அங்கே காணப்படாதது உலகில் இல்லாததற்குச் சமானம், கெட்டுப்போன பெயரைத் திருத்துவதும் அங்கே தக்க தருணத்தில் இடும் பதிவுகளால்தான் ஆகும் என்னும் நம்பிக்கை, பெரிய கம்பெனிகளின் மாடி அறைகளில் பிறந்து, நகரசபைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் இறங்கி, இன்று எங்களைப் போன்ற கோயில் சபைகளையும் பழைய மாணவர் சங்கங்களையும்கூட வந்து பற்றிக்கொண்டிருக்கிறது. அது பெரும் பிரமை என்பதும், பொதுமக்கள் தொடர்பு என்று பெயர் சொல்லி அதிலுள்ள 'தொடர்பை' அறுப்பதே அதன் பலன் என்பதும் என் அபிப்பிராயம்.

முதலில் அந்த அறுநூறு லைக்கை எடுத்துக்கொள்வோம். அவற்றை இட்டவர்களின் பெயர்களை நான் பொறுமையாக ஒரு மாலைப்பொழுது முழுவதும் இருந்து பார்த்தேன். பாரிஸ், லண்டன், சூரிச், ரொறன்ரோ, யாழ்ப்பாணம் என்று உலகத்தின் எல்லாத் திக்குகளிலிருந்தும் எங்கள் உறவினரும், உறவினரின் உறவினரும், ஒரு காலத்தில் எங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களும் அன்போடு விரலைத் தொட்டிருந்தார்கள். அந்த அன்பைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் சூரிச்சில் இருப்பவர் பெருவிரலை அசைப்பதற்கும் டோலார்-டே-சோர்மோவில் இருப்பவர் மைனஸ் பதினைந்து பாகைக் குளிரில் காரின் மேற் படிந்த பனியைச் சுரண்டிவிட்டு மண்டபத்துக்கு வருவதற்கும் இடையே உள்ள தூரத்தை எந்தக் கணினியும் கணக்கிட்டுச் சொல்வதில்லை. எண்ணிக்கை கிடைத்துவிட்ட திருப்தியில் நாங்கள் தொலைபேசியைத் தொடாமல் விட்டோம். அதுதான் நிகழ்ந்த நஷ்டம்.

இரண்டாவது, நாங்கள் 'எங்கள் பக்கம்' என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளும் அந்த இடம் எங்களுடையதே அன்று. அது பிறர் வீட்டுத் திண்ணை. திண்ணைக்காரன் மனம் மாறினால் நாம் எழுந்து போகவேண்டியதுதான். 2018ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் முகநூல் கம்பெனி, நண்பரும் குடும்பத்தாரும் இடுவனவற்றுக்கே இனி முதலிடம் என்று அறிவித்தபோது, அதுவரை காசும் காலமும் செலவிட்டுப் பின்தொடர்வோரைச் சேர்த்து வைத்திருந்த ஸ்தாபனங்களின் பதிவுகள், சேர்த்த அந்த ஜனங்களுக்கே தென்படாமல் பின்னே தள்ளப்பட்டன. முன்னே வர வேண்டுமானால் கட்டணம் கட்டலாம். இதைவிடப் பிரத்தியட்சமான உதாரணம் நாம் வாழும் இந்தக் கனடாவிலேயே நடந்தது. இணையச் செய்திச் சட்டம் 2023ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் நிறைவேற, அச்சட்டப்படி பத்திரிகைகளுக்குப் பணம் கொடுக்க மனமில்லாத, முகநூலின் சொந்தக்காரரான மெட்டா நிறுவனம் ஆகஸ்ட் முதலாம் திகதி தொடக்கம் முகநூலிலும் இன்ஸ்டகிராமிலும் செய்திகளையே கனடியர் கண்ணிலிருந்து மறைக்கத் தொடங்கியது. இரண்டு வாரங்கள் கழித்து, வடமேற்கில் காட்டுத் தீ நெருங்கிவர, யெலோநைஃப் நகரத்தார் ஏறத்தாழ 20,000 பேர் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. செய்தியைத் திறந்துவிடுமாறு அரசாங்கமே கேட்டும் திண்ணைக்காரர் இணங்கவில்லை. அன்று அந்தத் திண்ணையையே தங்கள் ஒரே வாசலாக நம்பியிருந்த சிறிய பத்திரிகைகளின் கதியை நினைத்துப் பார்த்தால், எங்கள் ஆண்டு விழா ஒரு பொருட்டன்று.

இனி, பெயர் கெட்ட வேளையில் பதிவுகள் காப்பாற்றும் என்னும் வாதத்தைப் பார்ப்போம். பொதுமக்கள் தொடர்புத் துறையின் ஆதிபுருஷர்களுள் ஒருவராகச் சொல்லப்படும் ஐவி லீ என்பவர், 1906ஆம் வருஷம் அக்டோபர் மாதக் கடைசியில், அமெரிக்காவின் அத்திலாந்திக் சிட்டி அருகே ரயில் ஒன்று பாலத்திலிருந்து நீரினுள் வீழ்ந்து ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டபோது, ரயில்வேக் கம்பெனியின் சார்பில் நடந்ததை எழுதிப் பத்திரிகைகளிடம் தாமே கொடுத்தார். அதுவரை, விபத்தை மூடி மறைப்பதே ரயில்வேக் கம்பெனிகளின் சம்பிரதாயம். லீ ஒன்றும் புண்ணிய புருஷர் அல்லர். 1914இல் கொலராடோவில் சுரங்கத் தொழிலாளரும் அவர்தம் பெண்டு பிள்ளைகளும் மாண்ட பின், சுரங்க முதலாளியான ராக்ஃபெல்லர் தரப்புக்காக அவர் எழுதிய பிரசுரங்கள் அவர் பெயருக்குக் கீர்த்தி சேர்க்கவில்லை. ஆயினும், அடிபட்டவர் கேட்கும் முன்னரே நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்பதை அந்த மனிதர் 1906இல் அறிந்திருந்தார்.

நூற்றேழு வருஷங்களுக்குப் பின்னர், 2013 ஜூலை 6ஆம் திகதி அதிகாலையில், இங்கிருந்து சில மணி நேரப் பயணத் தூரத்திலுள்ள லாக்-மெகாந்திக் என்னும் கியூபெக் ஊரின் நடுவில், ஆளில்லாமல் உருண்டு வந்த மசகெண்ணெய் ரயில் தடம்புரண்டு வெடித்து 47 பேர் மாண்டார்கள். அந்த ரயில் கம்பெனியின் தலைவர் ஊருக்கு வந்து சேர்ந்தது நான்கு நாட்கள் கழித்து. அலுவலகத்திலிருந்தே காரியங்களைச் செவ்வனே கவனிக்கலாம் என்று கருதியது அவர் சொன்ன சமாதானம். கம்பெனியின் அறிக்கையோ, பிரெஞ்சு பேசும் ஊருக்கு, படித்தவர் முகம் சுளிக்கும்படியான பிரெஞ்சில் வந்து சேர்ந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு, அவள் மொழியில் ஒழுங்காக நாலு வரி எழுதத் தெரியாத கம்பெனிக்கு எந்த ஊடக உபாயம் வந்து என்ன செய்துவிடும்?

அதே கியூபெக் ஜனங்கள் வேறொரு சந்தர்ப்பத்தில் ஒரு கம்பெனித் தலைவரை மனதாரக் கொண்டாடியதையும் நான் கண்டிருக்கிறேன். 1998ஆம் வருஷம் ஜனவரி மாதத்து உறைமழையில் மின்கம்பங்கள் ஈர்க்குகளைப்போல் முறிந்து விழ, மொன்றியலைச் சூழ்ந்த பிரதேசமெங்கும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் இருளில் மூழ்கின. எங்கள் வீட்டில் நாங்கள் ஐந்து பேர் ஒரே அறையில் போர்வைகளைத் தொங்கவிட்டு, மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றி வைத்துக்கொண்டு, பேட்டரி ரேடியோவைச் சுற்றி அமர்ந்திருந்தோம். நாள்தோறும் முதலமைச்சர் லூசியன் பூஷாரும், ஹைட்ரோ-கியூபெக் தலைவர் ஆந்திரே கையேயும் நிருபர்கள் முன்னிலையில் வந்து, இன்று இத்தனை வீடுகளுக்கு வெளிச்சம் வந்தது, இத்தனை வீடுகள் இன்னும் இருட்டில், இந்தப் பகுதிக்கு இன்னும் பல நாள் செல்லும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கையே அணிந்துவந்த கழுத்து மூடிய கம்பளிச் சட்டை ஒரு சின்னமாகவே ஆகிவிட்டது. எல்லாவற்றையும் அவர்கள் சொன்னார்கள் என்று நான் சாதிக்கவில்லை; நகரத்தின் குடிநீர் நிலையங்கள் மின்சாரமின்றி நின்றபோது ஆபத்து எவ்வளவு நெருங்கிவந்தது என்பது பின்னரே முழுதாக வெளிப்பட்டது. ஆனாலும் கெட்ட செய்தியைத் தாமே வந்து, தினந்தோறும், முகத்துக்கு நேரே சொன்னார்கள். அன்று முகநூல் என்ற சொல்லே பிறந்திருக்கவில்லை.

மறுதலையாக, சமூக ஊடகம் செழித்து நின்ற 2021ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில், ஏர் கனடாவின் தலைவர் மொன்றியல் வர்த்தக சபையில் ஏறக்குறைய முழுதும் ஆங்கிலத்திலேயே பேசிவிட்டு, பிரெஞ்சு தெரியாமலே இந்நகரில் இத்தனை வருஷம் வாழ முடிந்ததைப் பெருமை தொனிக்கச் சொன்னார். ஆயிரத்துக்கு மேற்பட்ட முறைப்பாடுகள் ஆட்சிமொழி ஆணையாளரிடம் குவிந்தன. அக்கம்பெனியின் விளம்பரப் பகுதியில் ஆள் பஞ்சம் இருந்திருக்காது. மறுநாள் அவர் மன்னிப்புக் கேட்டு, பிரெஞ்சு படிப்பதாக வாக்களித்தார். ஜனங்கள் அவரிடம் கேட்டது பதிவு அன்று, பாடம்.

எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். அதுதான் என் கட்சிக்கு வலுவான சாட்சி. 1965ஆம் வருஷம் திறக்கப்பட்ட ஃபேர்வியூ அங்காடிக்கு மேற்கே, பெருவீதிகளுக்கு நடுவில் ஒரு காடு எஞ்சி நிற்கிறது. 2020ஆம் வருஷம், அந்நிலத்துக்குச் சொந்தக்காரரான கடிலாக் ஃபேர்வியூ கம்பெனி அங்கே ஒரு புதிய நகர மையத்தை எழுப்பப்போவதாக அறிவித்தது. கம்பெனி சாமானியமானதன்று, ஒன்ராறியோ ஆசிரியர் ஓய்வூதிய நிதிக்குச் சொந்தமானது. வர்ணப் படங்களும், பசுமை நிறைந்த சொற்றொடர்களும் அதனிடம் குறைவில்லை. எதிர்த்தரப்பில் இருந்தவர்கள் அயலவர் சிலர். அவர்கள் அந்த இலையுதிர் காலம் தொடங்கிச் சனிக்கிழமைதோறும் வீதியோரத்தில் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மழையிலும் நின்றார்கள், பனியிலும் நின்றார்கள், பெருந்தொற்றுக் காலத்தில் முகக்கவசத்தோடும் நின்றார்கள். மரக்கறி வாங்கப் போகும் வழியில் நானே பல தடவை அவர்களைக் கண்டிருக்கிறேன். ஒரு மூதாட்டி மடக்கு நாற்காலியில் அமர்ந்து, கையுறை போட்ட கையில் அட்டையைச் சாய்த்துப் பிடித்திருப்பார். கடந்து போகும் கார்கள் ஹார்ன் அடிக்க, அவர் ஒவ்வொரு காருக்கும் தலையசைப்பார். 2021 நவம்பர்த் தேர்தலில், அளவுமீறிய கட்டடப் பெருக்கத்தை எதிர்த்து நின்ற டிம் தோமஸ் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் மேயரானார். மறு வருஷம் நகரசபை அந்த நிலத்தில் கட்டட வேலைக்குத் தற்காலிகக் கட்டுப்பாடு விதித்தது.

"அவர்களும் முகநூலில் குழு வைத்திருந்தார்களே" என்று எங்கள் தம்பி கேட்பார். வைத்திருந்தார்கள், சனிக்கிழமை எத்தனை மணிக்குக் கூடுவது என்பதை அதில் எழுதினார்கள். அறிவித்தல் பலகையாக அதைப் பயன்படுத்துவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இளையோர் அங்கேதான் இருக்கிறார்கள் என்பதும், காசில்லாத சங்கத்துக்கு அது மலிவு என்பதும் நியாயமே. பலகையில் எழுதிய பின் வீதிக்குப் போய் நின்றார்களே, அதைத்தான் நாங்கள் செய்யவில்லை. இந்நாட்டுப் பழைய கிராமங்களில் ஞாயிறு பூசை முடிந்ததும் தேவாலயப் படியில் ஒருவர் ஏறி நின்று ஊர் அறிவித்தல்களைக் கூவிச் சொல்வார். நம் ஊர்களில் தண்டோரா போட்டார்கள். கூவினவர் அந்த ஜனங்களுக்கு நடுவே படியிறங்கித்தான் வீடு போக வேண்டும்; வழியில் யாராவது கையைப் பிடித்துக் கேட்டால் பதில் சொல்லவும் வேண்டும். நவீன உபாயக்காரர் பதிவு இடுவதற்கு மணி குறிக்கிறார், பதில் சொல்வதற்கு மனிதனைக் குறிப்பதில்லை.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், எங்கள் சங்கத்தின் முகநூல் பக்கத்தில் தொடர்புக்கென்று போட்டிருந்த தொலைபேசி எண்ணை நானே அழைத்துப் பார்த்தேன். எடுத்தவர் எங்கள் முன்னாள் செயலாளர். அவர் ரொறன்ரோவுக்குக் குடிபோய் நான்கு வருஷமாகிறது. "அண்ணை, இன்னும் கிழமைக்கு ஒராளாவது எடுக்கினம், விழா எப்ப, பிள்ளையளுக்குத் தமிழ் வகுப்பு இருக்கோ எண்டு கேக்கினம். எனக்கு ஒண்டும் தெரியாதெண்டு சொல்லி வைக்கிறன்" என்றார். உங்கள் சங்கத்தின் எண்ணையும் இன்று மாலை ஒரு தடவை அழைத்துப் பாருங்கள்.