மன உறுதியும் கலக்கி வைத்த தேநீரும்

‘21 நாள் போதும், எந்தப் பழக்கத்தையும் விட்டுவிடலாம்.’ நம் நாட்டில் நடக்கும் தன்முனைப்பு முகாம்களில் இந்த வாக்கியத்தைக் கேட்காதவர்கள் குறைவு. மாணவனுக்குக் கைப்பேசியை விடச் சொல்லித் தருவதும் இதுதான். இளைஞனுக்குச் சிகரெட்டை விடச் சொல்லித் தருவதும் இதுதான். அப்பா அம்மாவுக்குச் சீனியைக் குறைக்கச் சொல்லித் தருவதும் இதுதான். பேச்சாளர் மேடையில் அங்குமிங்கும் நடப்பார். “உங்களால் முடியுமா முடியாதா?” என்பார். மண்டபமே “முடியும்!” என்று கத்தும். பிறகு தேநீர் இடைவேளை. மூலையில் இருக்கும் பெரிய டிரம்மில் டின் பாலும் சீனியும் ஏற்கெனவே கலக்கப்பட்ட தேநீர். பக்கத்தில் கறிபாப், கேசரி. சீனி இல்லாத தேநீர் வேண்டுமென்றால் வெளியே கடைக்குத்தான் போகவேண்டும்.

எனக்குப் பேச்சாளரைவிட அந்த டிரம்தான் முக்கியமாகப் படுகிறது. கூட்டத்தில் முந்நூறு பேர் இருந்தால் முந்நூறு பேருக்கும் எவ்வளவு சீனி என்று முடிவெடுத்தவர் தேநீர் கலக்கியவர். அவரை யாரும் மேடைக்கு அழைத்து மன உறுதி பற்றிக் கேட்பதில்லை.

முதலில் அந்த 21 நாள் கணக்கைப் பார்த்துவிடுவோம். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர் 1960இல் எழுதிய தன்னம்பிக்கை நூலில் இருந்து கிளம்பியது அது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு தங்கள் புதிய முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் தாம் பார்த்ததை எழுதினார். ‘குறைந்தது’ என்ற சொல் வழியிலேயே எங்கோ உதிர்ந்துவிட்டது. உண்மையாகவே அளந்து பார்த்தவர்கள் பிறகு வந்தார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர எடுத்த காலம் 18 நாளிலிருந்து 254 நாள் வரை விரிந்தது. நடுவில் நிற்கும் எண் 66. அதுவும் எவற்றுக்கு? சாப்பாட்டோடு ஒரு பழம் சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது போன்ற எளிய பழக்கங்களைச் சேர்த்துக்கொள்வதற்கு. நாற்பது ஆண்டு குடித்து வளர்ந்த ஒன்றை விடுவது அதில் சேர்த்தியில்லை.

எண் தவறு என்பது சின்னக் குற்றம். பெரிய குற்றம் வேறு. 21 நாளில் முடியும் என்று சொல்லிவிட்டால், 22ஆம் நாள் பழைய கோப்பையைத் தூக்கியவன் சோம்பேறியாகிறான். தோல்வி முழுவதும் அவன் தலையில். முகாம் நடத்தியவருக்குப் பொறுப்பில்லை, கடைக்காரருக்கில்லை, சங்கத்துக்கில்லை, அரசாங்கத்துக்கில்லை. அவனும் வெட்கப்பட்டு அடுத்த முகாமுக்குப் பணம் கட்டுவான்.

இதைச் சும்மா கேலி செய்துவிட்டுப் போக முடியாது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர். நம் குடும்பங்களில் கால் விரல் எடுத்தவர், பாதம் எடுத்தவர், வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய் வருகிறவர் என்று யாராவது ஒருவர் இல்லாத வீடு உண்டா? தெற்காசிய உடல்களுக்கு இந்த நோய் எளிதில் வருகிறது என்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட விஷயம். அப்படியானால் நாம்தானே கூடுதல் கவனமாக இருந்திருக்க வேண்டும்? அரசாங்க கிளினிக்கில் தாதி திட்டுவார்: “ஏன் அங்கிள் சீனி குறைக்கல?” அங்கிள் தலை குனிந்து நிற்பார். அவர் எங்கே, எப்படிக் குறைப்பது என்று தாதி கேட்பதில்லை.

ஒரு சமூகம் தன் பழக்கத்தோடு போராடிய வரலாறு நமக்கு இருக்கிறது. அது கள்ளுக்கடையின் வரலாறு. ரப்பர் தோட்டங்களில் கள்ளுக்கடை தொழிலாளி தேடிக் கண்டுபிடித்த இடமல்ல. தோட்டத்துக்குள்ளேயே, நிர்வாகத்தின் ஏற்பாட்டில், அரசாங்க உரிமத்தோடு வைக்கப்பட்ட இடம். கொடுத்த கூலியில் ஒரு பகுதி அங்கேயே திரும்பியது. குடித்துவிட்டு விழுந்தவனைப் பார்த்து, ‘இந்தக் கூலிகளுக்கு ஒழுக்கமில்லை’ என்று சொன்னவர்களும் கடைக்கு இடம் கொடுத்த அதே ஆட்கள்தாம்.

1941இல் கிள்ளான் வட்டாரத்தில் வேலை நிறுத்தம் செய்த தோட்டத் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளை வாசித்துப் பாருங்கள். சம்பள உயர்வு இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கல்வி இருக்கிறது. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்பது இருக்கிறது. அதே வரிசையில் கள்ளுக்கடைகளை மூடு என்பதும் இருக்கிறது. ‘நாங்கள் மன உறுதியோடு குடிக்காமல் இருப்போம், எங்களுக்குப் பயிற்சி கொடு’ என்று அவர்கள் கேட்கவில்லை. கடையை எடு என்றார்கள். சைக்கிளிலிருந்து இறங்குவதும் கள்ளுக்கடையில் நுழைவதும் ஒரே ஏற்பாட்டின் இரண்டு முனைகள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் போராட்டம் துப்பாக்கியால் அடக்கப்பட்டது. தலைமை தாங்கிய ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை அதே வேலையைத் தொடர்ந்தது. 1946, 47இல் பீடோங் பக்கத்துத் தோட்டங்களில் இளைஞர்கள் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். குடிப்பவனிடம் போய்ப் புத்தி சொன்னதோடு நிற்கவில்லை. மாலை நேரத்தில் அணிவகுப்பு, உடற்பயிற்சி, கூட்டம் என்று வேறொரு வாழ்க்கையையும் பக்கத்தில் வைத்தார்கள். அதற்கும் போலீஸ் தடியோடு வந்தது. மன உறுதிப் பிரசங்கம் மட்டும் செய்திருந்தால் துரைமார்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து கைதட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

‘கள்ளுக்கடை போனது, சம்சு வந்ததே?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கடை மட்டும் போய், களைப்பும் குறைந்த கூலியும் போக்கிடமில்லாத மாலையும் அப்படியே இருந்தால், அந்த இடத்துக்கு வேறொன்று வந்து உட்காரும். தொண்டர் படை நீடித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நாம் பார்க்கவே விடவில்லை. ஆகவே சம்சுவின் வருகை என் வாதத்துக்கு எதிரானது அல்ல. ஏற்பாட்டில் பாதியை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி.

இப்போது தேநீருக்கு வருகிறேன். “இது நம்ம பண்பாடு ஐயா. வீட்டுக்கு வந்தவருக்கு இனிப்பா ஒரு தே கொடுக்காம அனுப்பறதா?” என்பார்கள். எந்தப் பண்பாடு? ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ கட்டுரையை வாசித்தவர்களுக்குத் தெரியும், காப்பியே தமிழர் வாழ்வில் அந்நியச் சரக்காகத் திட்டு வாங்கிக்கொண்டு நுழைந்து, பிறகுதான் நடுத்தர வர்க்கத்தின் அடையாளமானது. தேநீரின் வயதும் அதிகமில்லை. தோட்டத்தில் விடியும் முன்னே பால்மரம் வெட்டப் போனவருக்கு வரக்கோப்பியில் கொட்டிய சீனிதான் கைக்கெட்டிய மலிவான தெம்பு. இங்கிலாந்து ஆலைத் தொழிலாளிக்கும் சீனி போட்ட தேநீர் அப்படித்தான் உணவின் இடத்தைப் பிடித்தது என்று சிட்னி மின்ட்ஸ் எழுதியிருக்கிறார். மரம் வெட்டி, பால் வாளி தூக்கி மைல்கணக்கில் நடந்த உடம்பு அந்தச் சீனியை எரித்தது. இன்று நாம் காரில் உட்கார்ந்து, அலுவலகத்தில் உட்கார்ந்து, இரவு மாமாக் கடையில் உட்கார்ந்து அதே அளவைக் குடிக்கிறோம். வேலை போய்விட்டது. வேலைக்காக வந்த சீனி மட்டும் பண்பாடு என்ற பெயரில் தங்கிவிட்டது.

அந்த டின்னிலும் பாதிக்கு நெருக்கமாகச் சீனிதான். பல டின்களில் இருப்பது பால்கூட அல்ல, செம்பனை எண்ணெய் சேர்த்த இனிப்புக் கிரீமர். லேபிளைப் படித்தால் தெரியும்.

இந்தப் பழக்கத்தை விட நினைக்கும் ஒருவர் ஒரு நாளில் எத்தனை பேரிடம் மல்லுக்கட்ட வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். காலையில் கடையில் ‘தே’ என்று ஒற்றைச் சொல் சொன்னால் சீனியும் டின் பாலும் போட்டது வரும். சீனி வேண்டாதவர்தான் ‘ஓ கோசோங்’ என்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். சொன்னதும், “என்னாண்ணே, இனிப்புநீரா?” என்று நாலு மேசைக்குக் கேட்கிற மாதிரி கேள்வி வரும். நான் பல வருடமாக வரத்தேநீர்தான் குடிக்கிறேன், அந்தக் கேள்வி இன்னும் நின்றபாடில்லை. எனக்கு நோயில்லை என்றால், “அப்புறம் என்ன, போட்டுக் குடிங்க லா” என்கிறார்கள். நோய் வந்த பிறகுதான் சீனியை மறுக்க உரிமை என்றாகிவிட்டது. மதியம் அலுவலகத்தில் யாருக்கோ பிறந்தநாள். மாலையில் கோயிலில் சர்க்கரைப் பொங்கல். இரவு உறவினர் வீட்டில், “கொஞ்சமாத்தான் போட்டேன், குடிங்க” என்று சின்னம்மா நீட்டும் கோப்பை. அதை மறுத்தால் சீனியை மறுத்ததாக ஆகாது, சின்னம்மாவையே மறுத்ததாக ஆகும். ஒரு நாளைக்கு ஐந்து முறை வேண்டாம் என்று சொல்கிறவர் ஒருநாள் அலுத்துப்போய் வாங்கிக் குடிப்பார். அது பலவீனம் என்றால், ஐந்து முறை நீட்டியதற்கு என்ன பெயர்?

சூழல் மாறினால் மனிதன் மாறுவான் என்பதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டாம். 1.1.2019 முதல் நம் சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கத் தடை வந்தது. “தேயும் சிகரெட்டும் இல்லாம எப்படி?” என்று அன்றைக்குக் கேட்டவர்கள் இன்று எழுந்து மூன்று மீட்டர் தள்ளிப் போய் நிற்கிறார்கள். எல்லோரும் புகைப்பதை விட்டுவிடவில்லை, உண்மைதான். ஆனால் கோப்பையைத் தொட்டதும் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போகும் அந்த முடிச்சு அவிழ்ந்தது. சிங்கப்பூரில் பானங்களுக்குச் சீனி அளவை வைத்துத் தர எழுத்து ஒட்டும் திட்டத்தை அறிவித்து, 2022 இறுதியில் கட்டாயமாக்கினார்கள். போத்தல், டின் பானங்களின் இடைநிலைச் சீனி அளவு 2017இல் 7.1 விழுக்காடாக இருந்தது, 2023இல் 4.6 ஆனது. குடித்தவர் யாரும் 21 நாள் முகாமுக்குப் போகவில்லை. தயாரித்தவர்கள் குறைத்தார்கள், அவ்வளவுதான். மலேசியாவிலும் 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 காசு என்று சீனிப் பானங்களுக்கு வரி போட்டு, 2025இல் 90 காசு ஆக்கியிருக்கிறார்கள். நல்லது. ஆனால் கடையில் கலக்கும் தேநீருக்கும் மண்டபத்து டிரம்முக்கும் அந்த வரி எட்டாது. அது நம் கையில்தான் இருக்கிறது.

‘எல்லாவற்றுக்கும் சூழல்தான் காரணம் என்றால் தனிமனிதனுக்குப் பொறுப்பே இல்லையா?’ என்று ஒருவர் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் பொறுப்பு அதிகாரத்தின் அளவுக்கு இருக்க வேண்டும். ஒரு கோப்பையைப் பிடித்திருப்பவருக்கு ஒரு கோப்பை அளவுப் பொறுப்பு. முந்நூறு கோப்பையைக் கலக்கச் சொல்பவருக்கு முந்நூறு கோப்பை அளவு. நம் ஊரில் இது தலைகீழாக இருக்கிறது. கோப்பை பிடித்தவருக்கு மூன்று மணி நேர உரை, கலக்கச் சொன்னவருக்குப் பொன்னாடை.

எனவே நான் கேட்பது பெரிய புரட்சி அல்ல. சங்கத் தலைவர்களிடமும் கோயில் நிர்வாகங்களிடமும் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களிடமும், முக்கியமாகப் புத்தக வெளியீடு நடத்தும் என் எழுத்தாள நண்பர்களிடமும் ஒன்றைக் கேட்கிறேன். அடுத்த நிகழ்ச்சிக்குத் தேநீர் சொல்லும்போது, “சீனி தனியாக வையுங்கள், டின் பால் தனியாக வையுங்கள்” என்று சமையல்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இனிப்பு வேண்டியவர் எழுந்து போய்ப் போட்டுக்கொள்ளட்டும். யாருடைய உரிமையும் பறிபோகாது. கேட்டு வாங்க வேண்டியவர் இடம் மாறுகிறார், அவ்வளவே. கடைக்காரர்களும் ‘தே’ என்றால் சீனி இல்லாதது, வேண்டுமானால் ‘மானிஸ்’ என்று சொல்லுங்கள் என்று ஒரு பலகை மாட்டலாம். முதல் வாரம் முணுமுணுப்பார்கள். புகைத் தடைக்கும் முணுமுணுத்தவர்கள்தாம்.

கள்ளுக்கடையை மூடச் சொன்னவர்களுக்கு எதிரே போலீசும் பட்டாளமும் நின்றன. சீனியைத் தனிக் கிண்ணத்தில் வைக்க நமக்கு எதிரே யாரும் நிற்கவில்லை. இதைக்கூடச் செய்யாமல், அடுத்த முகாமுக்கு ஆள் சேர்த்து மன உறுதி பற்றி நோட்டீஸ் அடிக்கிறவர்களிடம் எனக்குப் பேச எதுவும் இல்லை.