துபாய் – மதுரை 4 மணி நேரம், காமயகவுண்டன்பட்டிக்கு எவ்வளவு?

துபாயிலிருந்து மதுரைக்கு வான்வழி தூரம் சுமார் 2,950 கி.மீ. நேரடி விமானத்தில் ஏறக்குறைய 4 மணி நேரம். செல்போனில் தேடினால் நொடியில் கிடைக்கும் பதில். தப்பில்லை. ஆனால், கம்பம் பக்கம் காமயகவுண்டன்பட்டியில் ஒரு கேத வீட்டில் உட்கார்ந்து, "பையன் துபாயில இருக்கான், எத்தனை மணிக்கு எடுக்கலாம்?" என்று கேட்பவர்களுக்கு இந்தப் பதில் உதவாது. கெடுதலும் செய்யும்.

டிக்கெட்டில் இருக்கும் நேரமே குழப்பும். துபாய் கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. இரவு 11-க்குக் கிளம்பும் விமானம் மதுரையில் அதிகாலை 4.30-க்கு இறங்கும். ஐந்தரை மணி நேரம் போலத் தெரியும். மதுரையில் காலை 10-க்கு ஏறினால் துபாயில் 12.30; இரண்டரை மணி நேரத்தில் போய்விட்ட மாதிரி இருக்கும். இரண்டுமே 4 மணி நேரப் பயணம்தான். குளிர்காலத்தில் உயரத்தில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, வரும்போது தள்ளிவிடும், போகும்போது மறிக்கும். அதில் கொஞ்சம் நிமிடங்கள் கூடும், குறையும்.

விமானத்துக்கு வெளியே போகும் நேரம்தான் பெரிது. முதலாளியிடம் லீவு சொல்லி, டிக்கெட் போட்டு, 3 மணி நேரம் முன்னதாக ஏர்போர்ட் வந்தாக வேண்டும். மதுரையில் இறங்கி குடியேற்றம், சுங்கம், பெட்டி என ஒரு மணி நேரம். பிறகு உசிலம்பட்டி, தேனி வழியாக 120 கி.மீ.க்கு மேல் கார். 3 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சரியாக அமைந்தாலே 12 மணி நேரம். 2,950 கி.மீ.க்கு நாலு மணி, கடைசி நூற்றிச்சொச்சத்துக்கு மூணு மணி! போடிக்கு 2023-ல் மீண்டும் ரயில் வந்தது. கம்பத்துக்கு இன்னும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை: இங்கிருந்து துபாய் போகிறவர் முதலில் கிழக்கே மதுரைக்குப் போகிறார். நேர்கோட்டில் அளந்தால் துபாயிலிருந்து சுமார் 60 கி.மீ. கூடுதலாக விலகிப் போய்த்தான் விமானம் ஏறுகிறார். அது திரும்ப வடமேற்கே, மலைத்தொடரைத் தாண்டிப் பறக்கிறது.

மதுரைக்கு நேரடி விமானம் மணிக்கொன்று கிடையாது. இன்றையது போய்விட்டால் நாளை வரை காத்திருப்பதைவிட கொச்சிதான் என் யோசனை. துபாயிலிருந்து அங்கே விமானங்கள் அதிகம். நெடும்பாசேரியிலிருந்து குமுளி வழியாக மலைப்பாதையில் நாலைந்து மணி நேரம் ஆகும். மழைக்காலத்தில் இன்னும் கூடலாம். ராத்திரி என்றால் அந்தப் பாதை தெரிந்த டிரைவரை அனுப்புங்கள்.

பிரீசர் பெட்டி வாடகை ஒரு நாள் கூடினாலும் பரவாயில்லை. பையன் சோதனையெல்லாம் முடிந்து, "சீட்ல உக்காந்துட்டேன்" என்று போன் பண்ணட்டும். எடுக்கும் நேரத்தைப் போட்டுக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கக் கொடுப்பது அதற்கப்புறம் இருக்கட்டும்.