முத்திரைக்கு ஐம்பது ரூபாய், அலைச்சலுக்கு ஆயிரங்களா?

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது நம் கடைவீதியில் பழகிப்போன சொல். வெளிநாட்டில் காட்ட வேண்டிய சான்றிதழ்களுக்கு அரசு முத்திரை வாங்கும் விஷயத்தில் இது அப்படியே பொருந்துகிறது. ‘அப்போஸ்டில்’ முத்திரைக்கு மத்திய வெளியுறவு அமைச்சகம் வாங்கும் கட்டணம் ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய். சாதாரண அட்டஸ்டேஷனுக்கு அமைச்சகக் கட்டணமே கிடையாது. ஆவணங்களைப் பெற்றுத் தரும் ஏஜென்சிகளின் சேவைக் கட்டணம் தனி. அதுவும் பெரிய தொகையல்ல. ஆனால் நம் வணிகர்கள் தரகரிடம் கொடுத்துவிட்டு வருவது ஆயிரக்கணக்கில்.

இது படித்தவர்கள் கவலை என்று மளிகைக் கடைக்காரர் ஒதுங்கிவிட முடியாது. துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ பிள்ளையை அனுப்பாத கடைத்தெரு எது? மஞ்சள், மல்லி, வற்றல் என்று வளைகுடாவுக்குச் சரக்கு அனுப்பும் மண்டிக்காரர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். மகனின் பட்டச் சான்றிதழ், மருமகளின் திருமணப் பதிவுச் சான்று, சரக்கின் இன்வாய்ஸ், அதன் பிறப்பிடச் சான்று என எதற்கு வேண்டுமானாலும் இந்த முத்திரை கேட்கப்படலாம்.

முத்திரை என்ன சொல்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஆவணத்தில் கையெழுத்திட்டவர் உண்மையாகவே அந்தப் பதவியில் உள்ளவர், கையெழுத்து அவருடையது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. உள்ளே எழுதியிருப்பது சரியா என்று அது சொல்வதில்லை. ஆகவேதான் படிப்படியாகப் போக வேண்டியிருக்கிறது. கல்விச் சான்று மாநிலக் கல்வித்துறை வழியாகவும், பிறப்பு, திருமணச் சான்றுகள் மாநில உள்துறை அல்லது பொது நிர்வாகத் துறை வழியாகவும், வணிக ஆவணங்கள் வர்த்தக சபை வழியாகவும் அமைச்சகத்துக்குப் போக வேண்டும். 2012 முதல் அமைச்சகம் பொதுமக்களிடம் நேரடியாக வாங்குவதில்லை; அது நியமித்த ஏஜென்சிகள் மூலமே கொடுக்க வேண்டும். 2019 முதல் சென்னையிலேயே இந்த முத்திரை கிடைக்கிறது. டில்லிக்கு அனுப்ப வேண்டும் என்று யாராவது செலவுக் கணக்குச் சொன்னால் நம்ப வேண்டாம்.

அடுத்து, எந்த நாடு என்று பார்க்க வேண்டும். 1961-ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தம் இந்தியாவுக்கு 2005 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஓமன், பஹ்ரைன் ஏற்கெனவே அதில் உண்டு. சிங்கப்பூரில் 2021 முதலும், சவூதியில் 2022 முதலும் அது நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்த நாடுகளுக்கு அப்போஸ்டில் ஒன்றே போதும். தூதரக முத்திரை வேண்டியதில்லை. துபாய் அடங்கிய ஐக்கிய அரபு அமீரகம், குவைத், கத்தார் அதில் சேரவில்லை. அங்கே தூதரக முத்திரையும் வேண்டும். அதன் கட்டணம் அதிகம்தான். இந்த வித்தியாசம் தெரியாதவரிடம்தான் தரகர் விளையாடுகிறார். சிங்கப்பூர் போகும் பையனின் தகப்பனாரிடமே ‘எம்பஸி செலவு’ என்று ஒரு தரகர் கணக்கெழுதியதை நம் வீதியிலேயே பார்த்தோம்.

கடையை விட்டுவிட்டு யார் அலைவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அலைகிறவருக்குக் கூலி கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அரசுக் கட்டணம் எவ்வளவு, தூதரகக் கட்டணம் எவ்வளவு, தன் கூலி எவ்வளவு என்று பிரித்து ரசீதோடு கேட்க வேண்டும். ஒரிஜினலைக் கொடுக்கும்போது கையெழுத்துப் போட்ட ரசீது வாங்க வேண்டும். அப்போஸ்டில் ஸ்டிக்கரில் உள்ள எண்ணை அமைச்சகத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். இதைச் செய்யாமல் விட்டு, அது போலி முத்திரையாக இருந்தால், போவது பணம் மட்டுமல்ல. அந்நிய மண்ணில் பிள்ளையின் வேலையும் போகும், வழக்கும் வரும்.

வீட்டிலேயே சரிசெய்ய வேண்டியவையும் உண்டு. சான்றிதழ் கெட்டுவிடக் கூடாது என்று லேமினேஷன் செய்து வைக்கிறார்கள். முத்திரை ஆவணத்தின் பின்பக்கத்தில் ஒட்டப்படுவதால் அந்த பிளாஸ்டிக்கை உரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். உரிக்கும்போது தாளே கிழிந்துபோவதும் உண்டு. பள்ளிச் சான்றில் இனிஷியல் மட்டும், பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் முழுவதும், பிறப்புச் சான்றில் குழந்தையின் பெயரே இல்லை என்றால் எந்த முத்திரையும் உதவாது. விசா வந்த பிறகு ஓடுவதைவிட, பிள்ளை கல்லூரியில் படிக்கும்போதே இவற்றைத் திருத்தி வைப்பது நல்லது. சரக்கு அனுப்புவோரும் அப்படியே. இன்வாய்ஸில் ஓர் எடை, பேக்கிங் லிஸ்டில் ஓர் எடை இருந்தால், முத்திரை குத்தியிருந்தும் கன்டெய்னர் துறைமுகத்தில் நிற்கும். டெமரேஜ் நம் தலையில் விழும்.

அரசை நாம் கேட்பது பெரிதல்ல. எந்த ஆவணம், எந்த அலுவலகம், எவ்வளவு கட்டணம் என்று ஒவ்வோர் இ-சேவை மையத்திலும் தமிழில் ஒரு பலகை வைக்கட்டும். நம் சங்கமும் சும்மா இருக்கக் கூடாது. கிளைதோறும் இதே பட்டியலை ஒட்டி, வாரம் ஒருநாள் விவரம் தெரிந்த ஒருவரை உட்கார வைத்தால் எத்தனையோ குடும்பங்களின் பணம் மிஞ்சும். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.