கொல்லிமலையும் ஒரு தீவே!

ஆண்டுதோறும் ஆடித் திங்கள் பதினேழு, பதினெட்டாம் நாள்களில், கொல்லிமலையில் வல்வில் ஓரிக்கு அரசு விழா எடுக்கின்றது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனும், வன்பரணரால் புறநானூற்றில் பாடப்பெற்றவனுமாகிய அத் தலைவனை நினைவுகூர்வது தக்கதே. ஆனால், புதுப்புனற் பெருக்கைத் தமிழர் போற்றும் அந்நாளில், அவன் ஆண்ட மலையின் நீர்வளம் என்னாயிற்று என்று கேட்பார் யார்?

கடல் சூழ்ந்த நிலத்தையே தீவு என்பர். அங்கு வெளியிலிருந்து ஆறு வந்து பாய்வதில்லை. வானம் வழங்குவதே நீர். ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் நிற்கும் கொல்லிமலையின் நிலையும் அஃதே. இங்குப் பிறக்கும் ஐயாறு முதலியன மலையைவிட்டு வெளியேறுவன. உள்ளே நீர் கொணரும் ஆறு ஒன்றேனும் இல்லை. பவளத் தீவுகளில் மழைநீர் உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கும். அளவின்றி இறைத்தால் உவர் மேலேறும். கொல்லிமலையிலோ, கடும்பாறையின் மேலுள்ள சிதைவு மண்ணிலும் வெடிப்புகளிலுமே நீர் தங்கும். அது வற்றினால் ஊற்றுகள் சுருங்கும். குடஞ்சுமந்து நெடுந்தொலைவு நடப்பவர் மலைமகளிரே.

காற்றின் வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால், அது தாங்கும் நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு மிகும். அதனால் மழை சில நாள்களில் கொட்டித் தீர்ப்பதும், இடைப்பட்ட வறட்சி நீள்வதும் நேரும். கொட்டும் மழை சரிவில் ஓடி மறையும். மெல்லப் பெய்யும் மழையே ஊற்றுக்கு உணவு.

மண்ணும் முன்போல் இல்லை. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த மேட்டுநிலங்களுட் பலவற்றைச் சவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி கவர்ந்துகொண்டது. கிழங்கு அகழுந்தோறும் சரிவு மண் இளகி, அடுத்த மழையில் அடித்துச் செல்லப்படுகின்றது. மண் போனபின் நீரைப் பிடித்து வைப்பது எது? உழவரைக் குறைகூறிப் பயனில்லை. காசு தரும் பயிரைத்தானே அவர் நாடுவர்! சிறுகூலங்களுக்கு நல்விலை தருவதே நீர்காக்கும் முதல் வேலை.

பொறிகளை மட்டும் நம்பியோர் பட்ட பாட்டையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2014 திசம்பரில் மாலைத்தீவின் தலைநகரில், கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் தீப்பற்றியது. ஏறத்தாழ நூறாயிரம் மக்கள் குடிநீரின்றித் தவித்தனர். இந்தியாவிலிருந்து வானூர்தியில் நீர் சென்றது!

ஐயாறு வீழும் அருவிக்கு 'ஆகாய கங்கை' என்று பெயர் வழங்குகின்றது. தமிழ் மலையில் பிறந்த ஆற்றின் வீழ்ச்சிக்கு வடபுலத்து ஆற்றின் பெயர்! சுனை, ஊற்று, கூவல், கேணி, ஊருணி என நீர்நிலை ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் கண்ட இனம், சொல்லையும் இழந்து நீரையும் இழப்பதோ? சுனை வற்றினால், அச்சொல்லும் அகரமுதலியில் மட்டுமே வாழும்.

வழி இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் காட்டுரிமைச் சட்டம், நீர்ப்பிடிப்பு இடங்களையும் நீர்நிலைகளையும் காக்கும் உரிமையைக் காடுவாழ் குடிகளுக்கும் அவர்தம் ஊர்மன்றுக்கும் வழங்குகின்றது. ஊற்றுகளை ஊர்தோறும் கணக்கெடுத்து, அவற்றின் தலைமாட்டு நிலத்தில் மரம் வளர்த்து, சரிவுகளில் குறுக்கு வரப்பிட்டு, கோயிற்காடுகளை வெட்டாமற் காக்கும் பொறுப்பை மலைக்குடிகளிடமே ஒப்படைத்தல் வேண்டும். அதற்குரிய பொருளை அரசு தருதல் வேண்டும்.

ஓரி இரவலர்க்கு வாரி வழங்கினான். அவன் மலையோ, கீழுள்ள நாட்டுக்கு இன்றும் நீர் வழங்கும் வள்ளல். அவ் வள்ளலையே இரவலனாக்கிவிட்டு, ஓரியின் சிலைக்கு மாலையிடுவதால் என்ன பயன்?