மாதோட்டத்து மண்ணில் ஒரு கராம்பு

பழைய சந்தையொன்றைப் பாதுகாப்பதென்றால் கடைத்தெருவையும் கூரையையும் செப்பனிடுவது என்றே எண்ணுகிறோம். நிலத்துக்கு மேலே கடையும் தெருவும் எஞ்சாத சந்தையை எப்படிப் பாதுகாப்பது? மன்னார்த் தீவுக்கு எதிரே, பெருநிலத்தில், திருக்கேதீச்சரக் கோவிலைச் சூழ்ந்து கிடக்கும் மாதோட்டத்து மேடு நம்மிடம் கேட்பது இந்தக் கேள்வியைத்தான்.

மகாவம்சத்தில் மகாதித்தம், தேவாரத்தில் மாதோட்டம், சோழர் கல்வெட்டில் இராசராசபுரம், தொல்லியலாளருக்கு மாந்தை. பெயர்கள் பல, துறைமுகம் ஒன்று. ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் 1980இல் தொடங்கிய அகழாய்வு 1984இல் போரினால் நின்றது. அதன் முழு அறிக்கை நூலாக வெளிவந்தது 2013இல். சீனப் பீங்கானும் பாரசீக மட்பாண்டமும் நெஸ்தோரியச் சிலுவை பொறித்த களிமண் முத்திரையும் இங்கே கிடைத்தன.

2009-10இல் மீண்டும் தோண்டியபோது, மண்ணை நீரில் கரைத்து, மிதந்து வந்த கருகிய தானியங்களைச் சேகரித்தார்கள். 2018இல் வெளியான அதன் முடிவுகளில் சில மிளகு மணிகளும் ஒரேயொரு கராம்பும் இருந்தன. அந்தக் கராம்பு கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டது. அக்காலத்தில் கராம்பு விளைந்த இடம் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கடல் கடந்து வந்த சரக்கு, யாரோ ஒருவருடைய கையிலிருந்து தவறி இம்மண்ணில் விழுந்திருக்கிறது.

இப்படிப்பட்ட சான்று மிக எளிதில் அழியக்கூடியது. கோவில் இடிந்தால் மீண்டும் கட்டலாம். திருக்கேதீச்சரமே அதற்குச் சாட்சி. மண்ணடுக்கு கலைந்தாலோ மீட்க வழியில்லை. குழாய் பதிக்கவோ அத்திவாரம் போடவோ வரும் பெக்கோ இயந்திரம் அரைநாளில் ஆயிரம் ஆண்டுகளைப் புரட்டிப் போட்டுவிடும்.

ஆனால் இந்த மண்ணைப் பற்றி நாம் உரக்கப் பேசுவதெல்லாம் அது யாருடையது என்பதையே. சைவர் தேவாரத்தைக் காட்டுகிறார்கள். பௌத்தர் மகாவம்சத்தைக் காட்டுகிறார்கள். 2019 மார்ச்சில், சிவராத்திரியையொட்டி, அலங்கார வளைவு ஒன்றுக்காகச் சைவரும் கத்தோலிக்கரும் முரண்பட்டு நின்றார்கள். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் இது என்பதில் எனக்கும் பெருமை உண்டு. அந்தப் பெருமைக்குக் கராம்பு விற்றவனின் சமயத்தை விசாரிக்க வேண்டிய தேவையில்லை. பல மொழியும் பல வழிபாடும் கொண்டவர்கள் கூடியதால்தான் அது பெருந்துறையாயிற்று.

செய்ய வேண்டியவை மூன்று. மேட்டையும் அதைச் சூழ்ந்த அகழிகளையும் எல்லையிட்டு, தொல்லியலாளர் மேற்பார்வையின்றி எவரும் மண்வெட்டி வைக்காதபடி காக்க வேண்டும். கிடைத்த பொருள்களை மன்னார் மக்கள் மன்னாரிலேயே காண வேண்டும். ஆய்வு முடிவுகள் தமிழிலும் சிங்களத்திலும் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு எட்ட வேண்டும். தன் ஊருக்குக் கராம்பு எங்கிருந்து வந்ததென்று அறிந்த பிள்ளை, நாளை பெக்கோ வரும்போது கேள்வி கேட்கும். அந்தக் கேள்வியைவிட வலிய காவல் அந்த மேட்டுக்கு வேறில்லை.